துப்பாக்கி மருந்தும் கேப்பும் வீட்டில் வைக்கும் முறை

காட்டுப்பன்றி முதலிய பிராணிகளிடமிருந்து பயிரைக் காக்கும் பொருட்டு லைசென்ஸ் பெற்று, வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள், அதற்கு வேண்டிய கரிமருந்து, கேப்பு, ரவை ஆகியவற்றையும் வீட்டிலேயே வைக்க நேரிடுகிறது. இவற்றைக் கனத்த இரும்புப் பெட்டியில் இறுக மூடிப் பூட்டிவிட்டால் அபாயமில்லை என்று பலர் கருதுகின்றனர். இது பெரும் பிழையாகும்.

கரிமருந்து என்பது ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு மரக்கரியும், 10 பங்கு கந்தகமும் சேர்ந்த கலவை. விறகு எரிவதற்குக் காற்று வேண்டும். காற்றை அடைத்தால் நெருப்பு அணையும். கரிமருந்துக்கோ வேண்டிய பிராணவாயுவை அதிலுள்ள வெடியுப்பே அளிக்கிறது. ஆகையால் மூடி வைப்பதனால் அது அணையாது. எரியும்போது உண்டாகும் வாயு வெளியேற வழியின்றி அழுத்தம் பெருகி, பெட்டியையே சிதறடிக்கும். குழாயினின்று ரவையைத் தள்ளும் சக்தியும் இதுவே.

ஆகவே மருந்தை வாங்கிய டப்பாவிலேயே மூடி, சுமார் 1 அங்குல கனமுள்ள பலகைப் பெட்டியில் வைத்தல் உத்தமம். பலகை வெளிச்சூட்டை எளிதில் உள்ளே விடாது. உள்ளே தீப்பற்றினும் அழுத்தம் மிகுமுன் பிளந்து வழிவிடும். அடுப்பு, விளக்கு, மண்ணெண்ணெய், வைக்கோல், உரமூட்டை ஆகியவற்றிற்கு அப்பால், குழந்தைகள் புகாத உலர்ந்த அறையில் இப்பெட்டியைப் பூட்டி வைத்தல் வேண்டும்.

கேப்பு சிறிதாயினும் அடியாலும் உராய்வாலும் சூட்டாலும் வெடிக்கும் தன்மையது. ஒன்று வெடித்தால் ஒட்டியுள்ள மற்றவையும் வெடிக்கக்கூடும். ஆதலின் அவற்றைக் கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைக்காமல், வாங்கிய பெட்டியிலேயே, மருந்து இல்லாத வேறிடத்தில் வைக்கவேண்டும்.

மருந்தைப் பகல் வெளிச்சத்திலேயே, மரக்கரண்டி அல்லது பித்தளைக் கரண்டியால் அளக்கவேண்டும். அருகில் பீடி, சுருட்டு கூடாது. நமுத்த மருந்தை அடுப்பருகில் உலர்த்துவது உயிருக்கே ஆபத்து. ரவை ஈயமாகையால், தொட்டபின் கைகளைக் கழுவாமல் உணவு கொள்ளலாகாது.

லைசென்ஸ் காலம் முடிந்தாலும் ரத்தானாலும், துப்பாக்கியையும் மருந்து முதலியவற்றையும் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கவேண்டும் என்பது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு. லைசென்ஸ்தாரர் காலமான வீடுகளில், பரண்மேல் மறந்து கிடக்கும் மருந்து டப்பாவே மிகவும் அஞ்சத்தக்கது. அத்தகைய வீட்டாருக்குக் கிராம அதிகாரிகள் இதனை எடுத்துக்கூறி, உடனே ஒப்படைக்கச் செய்வது நலம்.