சாவிக்கு முன்னால் ஒரு கோப்பை

ஓட்டலில் அறைச் சாவி கொடுப்பதற்கு முன்னால், நாலைந்து பச்சை இலைகளை வெந்நீரில் போட்டு நீட்டினால், நீங்கள் குடிப்பீர்களா நேயர்களே?

தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் டிட்டிகாகா ஏரிக்கரையில் புனோ என்று ஓர் ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரம். காற்று அங்கே அவ்வளவு லேசு. மலிவான விடுதிகளில் பெரும்பாலும் லிஃப்ட் இருக்காது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும், தலை வலிக்கும். அறையைச் சூடாக்கும் வசதியும் பல இடங்களில் கிடையாது. கனத்த கம்பளிகளைத்தான் அடுக்கித் தருவார்கள்.

அதனால்தான் அந்த வரவேற்புக் கோப்பை! அது கோகா இலைத் தேநீர். உயரத்தால் வரும் கிறுகிறுப்புக்கு ஆண்டிஸ் மலை மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பிக் குடிப்பது. லேசான கசப்பு, பசும்புல் வாசனை. மருத்துவர்களைக் கேட்டால், முதல் நாள் ஓய்வும் நிறையத் தண்ணீரும்தான் முக்கியம் என்பார்கள்.

இன்னொரு சேதி. கொக்கெய்ன் எடுப்பது இதே இலையிலிருந்துதான். பெருவில் இந்தத் தேநீருக்குத் தடையில்லை. ஆனால் இந்தியா உட்படப் பல நாடுகளில் கோகா இலை சட்டவிரோதம். ஆகவே புனோ போனால் தாராளமாக ருசி பாருங்கள், ஊர் திரும்பும்போது பெட்டியில் மட்டும் ஒரு இலைகூட வேண்டாம்!