பழைய வரைகலை அட்டையும் பழுது காணும் முறையும்

கணினியை முழுப்பொருளாகக் கடையில் வாங்காது, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வழக்கம் நம் மாணவரிடையே பரவியிருக்கின்றது. தோட்டப்புறத்துப் பிள்ளைகளும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. இதனை வீண் விளையாட்டு என்று கருதுவாரும் உளர். எனக்கு அக்கருத்து உடன்பாடன்று. ஒரு பொறியை அக்கக்காகப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவன் அப்பொறிக்கு அடிமையாவதில்லை.

உறுப்புகளுள் விலை மிக்கது பெரும்பாலும் வரைகலை அட்டை. கடைக்காரர் கிராபிக்ஸ் கார்டு என்பர். விலை மிக்கதாதலின் அதனையே பிறர் பயன்படுத்திய பழைய பொருளாக வாங்குகின்றனர். வாங்கிப் பூட்டியபின் திரை இருண்டாலோ, படம் சிதறினாலோ, உடனே "அட்டை கெட்டது" என்று தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். வழக்கை விசாரியாமல் வழங்கும் தீர்ப்பு அது. விசாரிக்கும் முறை யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் அட்டை செய்யும் பணியை அறிதல் வேண்டும். இன்று பரவலாக உள்ள திரையில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் குறித்து, அப்படத்தை நொடிக்கு 60 முறை புதுப்பித்தல் வேண்டும். அஃதாவது நொடிக்கு ஏறக்குறைய 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகள். இப்பணிக்காக அட்டையில் தனிச் செயலி உண்டு. தனி நினைவகம் உண்டு. மின்சாரத்தைச் செப்பஞ்செய்யும் பகுதி உண்டு. சூட்டைத் தணிக்க உலோகத் தகடுகளும் விசிறிகளும் உண்டு. கணினிக்குள் இன்னொரு சிறு கணினி குடியிருக்கின்றது எனலாம். ஆதலால் "அட்டை கெட்டது" என்னும் சொற்றொடர், "உடம்பு சரியில்லை" என்பதைப் போன்றது. எந்த உறுப்பு, எவ்வகையில் என்பதை அது சொல்வதில்லை.

சந்தையில் பழைய அட்டைகள் இத்துணை மலிந்ததற்கும் காரணம் உண்டு. எத்தீரியம் என்னும் மின்நாணயத்தை ஈட்டுவதற்கு அட்டைகளை இரவு பகலாகக் கணக்கிடச் செய்யும் தொழில் ஒரு காலத்தில் உலகெங்கும் நடந்தது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அன்றோடு அந்நாணயத்தைப் பொறுத்தவரை அட்டைகளுக்கு வேலை இல்லாது போயிற்று. பயனற்றுப்போன அட்டைகள் பெருந்தொகையாக விற்பனைக்கு வந்தன. அவ்வாறு உழைத்த அட்டை அனைத்தும் செத்த அட்டை என்பது மிகைக்கூற்று. ஆனால் அவற்றுக்குரிய நோய்கள் சில உண்டு: விசிறியின் சுழலச்சு தேய்ந்திருக்கும், செயலிக்கும் தகட்டுக்கும் இடையே தடவிய வெப்பப் பசை உலர்ந்திருக்கும், மூன்றாவதாக, அட்டையின் அடிப்படைக் கட்டளைகள் அடங்கிய பயாஸ் மாற்றப்பட்டிருக்கும். இம்மூன்றாவது நோய் கண்ணுக்குத் தெரியாதது.

ஓர் அட்டையின் கதை

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், இன்று தொழிற்கல்லூரியில் பயில்பவன், ரேடியான் ஆர்எக்ஸ் 580 வகை அட்டை ஒன்றை 260 வெள்ளிக்கு வாங்கினான். 2017 ஏப்ரலில் வெளிவந்த வகை அது. 2,304 கணக்கீட்டு அலகுகளும், தலா ஒரு கிகாபைட் கொண்ட எட்டு நினைவகச் சில்லுகளும் அவன் வாங்கிய அட்டையில் உண்டு. அவன் தந்தையார் செம்பனைத் தோட்டத் தொழிலாளி. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை 26 நாளுக்கு வகுத்துப் பார்த்தால், அவ்வட்டை நான்கு நாள் உழைப்பு. விற்றவர் ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று ஒப்பியிருந்தார். மூன்று நாள் கழிந்தபின் அவன் வந்து, "அட்டை போச்சுங்க ஐயா, ஏமாத்திட்டாங்க" என்றான். எப்படிப் போயிற்று என்று கேட்டேன். சில வேளை கணினியே அணைந்துவிடுகின்றது. சில வேளை திரையில் பச்சையும் ஊதாவுமாகப் பொட்டுகள் தெறிக்கின்றன என்றான்.

இவை ஒரு குறையா, இரண்டு குறைகளா? பழுது பார்ப்பவர் முதலில் கேட்கவேண்டிய வினா இதுவே. கணினி முழுவதும் அணைதல் வேறு. கணினி ஓடிக்கொண்டிருக்கத் திரை மட்டும் இருளுதல் வேறு. திரை ஒளியோடு நிற்கப் படம் மட்டும் சிதைதல் வேறு. முழுவதும் அணைந்தால் முதல் ஐயம் மின்சாரத்தின்மேல் செல்லவேண்டும். ஒலி கேட்டுக்கொண்டிருக்கத் திரை மட்டும் இருண்டால் அட்டையையோ, அதன் இயக்கி நிரலையோ ஐயுறலாம். பொட்டும் கோடும் தெறித்தால் நினைவகத்தை நோக்கவேண்டும். கணினியைத் திறந்தவுடன், இயங்குதளம் எழுமுன்னரே பொட்டுகள் தெரிந்தால் இயக்கி நிரலைக் குறை சொல்லப் பெரும்பாலும் இடமில்லை.

நம் வகுப்பறையிலும் இதுவே நடக்கின்றது. கழித்தல் கணக்கைத் தவறாகச் செய்யும் பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியவில்லையா, சுழியம் வந்தால் மட்டும் தடுமாறுகின்றதா, அன்றி எண்களை நேராக எழுதவில்லையா என்று பார்க்காமல் "கணக்கு வராது" என்று எழுதிவிடும் ஆசிரியர் உண்டு. திருக்குறளின் மருந்து அதிகாரத்தைத் தமிழாசிரியருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

மின்சாரம்

பெட்டியைத் திறந்து பார்த்தோம். மின்வழங்கியில், அஃதாவது பவர் சப்ளையில், அட்டைக்குரிய எட்டு முள் முனை இல்லை. வட்டு ஒன்றுக்கு மின்சாரம் தரும் சாட்டா முனையிலிருந்து எட்டு முள் முனைக்கு மாற்றும் சிறு கம்பி ஒன்றைப் பையன் இணைத்திருந்தான். சில வெள்ளிக்குக் கிடைக்கும் அக்கம்பி, பார்ப்பதற்குச் சரியாகவே பொருந்துகின்றது. பொருந்துவதெல்லாம் தகுதியுடையது அன்று.

கணக்கைப் பாருங்கள். அவ்வட்டைக்குக் குறித்த மின்தேவை 185 வாட். தாய்ப்பலகையின் செருகுவாய் தரக்கூடியது மிகுதியாக 75 வாட். எஞ்சிய 110 வாட் கம்பி வழியாக வரவேண்டும். எட்டு முள் முனை 150 வாட் வரை தருவதற்கு அமைந்தது. ஆனால் சாட்டா முனையில் 12 வோல்ட்டுக்குரிய முள் மூன்றே. ஒவ்வொன்றும் தாங்குவது ஒன்றரை ஆம்பியர். ஆக நாலரை ஆம்பியர். 12ஆல் பெருக்கினால் 54 வாட். 54 வாட் தாங்கும் முனையிடம் 110 வாட் கேட்டால் யாது நிகழும்? முனை சூடேறும், மின்னழுத்தம் தாழும், கணினி அணையும். அணைந்தது நல்வினைப்பயன். அணையாதிருந்தால் நெகிழி உருகித் தீப்பற்றக்கூடும். இரவு முழுதும் கணினியைத் திறந்துவைத்து உறங்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இஃது உயிர்ப்பிரச்சினை. அம்முனையைக் கழற்றிப் பார்த்தபோது வெண்ணிற நெகிழி ஓரத்தில் பழுப்பேறியிருந்தது. பையனிடம் அதிகமாக ஒன்றும் சொல்லவில்லை. அப்பழுப்பை மட்டும் காட்டினேன்.

இன்னொன்றையும் இவ்விடத்தே சொல்லவேண்டும். தாய்ப்பலகையின் செயலிக்குச் செல்லும் எட்டு முள் முனையும், வரைகலை அட்டைக்குரிய எட்டு முள் முனையும் உடன்பிறப்புப் போலத் தோன்றும். ஆனால் 12 வோல்ட்டும் தரைமுனையும் இரண்டிலும் இடம் மாறியிருக்கும். வலிந்து திணித்தால் அட்டை எரியும்.

உரிய முனையுள்ள மின்வழங்கி ஒன்றை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிப் பூட்டினோம். அணைதல் நின்றது. பொட்டுகள் நிற்கவில்லை. ஆக இரண்டு குறைகள் என்பது உறுதியாயிற்று. இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. மின்வழங்கியை மாற்றும்போதே இயக்கி நிரலையும் நீக்கி, கம்பியையும் மாற்றி, அட்டையையும் துடைத்துப் பூட்டியிருந்தால், எது எதனைத் தீர்த்தது என்று தெரிந்திராது. ஒரு வேளையில் ஒன்றே மாற்றுக. மாற்றியதைக் குறித்து வைக்க.

பொட்டுகள்

பொட்டு அட்டையில் பிறக்கின்றதா, திரையில் பிறக்கின்றதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. பொட்டு தெறிக்கும்போது கணினியின் விசைகளைக்கொண்டே திரைப்படிவம் எடுத்து, அப்படத்தைக் கைப்பேசியில் பார்த்தல் வேண்டும். பொட்டுகள் அதிலும் இருந்தால், திரைமேலும் கம்பிமேலும் குற்றமில்லை. இல்லையாயின் கம்பியையும் திரையையும் முதலில் மாற்றிப் பார்க்கலாம். இவ்வட்டையின் பொட்டுகள் கைப்பேசியிலும் தெரிந்தன.

இயக்கி நிரலை அடியோடு நீக்கிப் புதிதாக நிறுவுதலும் செய்தோம், பயனில்லை. பின்னர் நினைவகத்தின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தோம். அவ்வகை அட்டையின் இயல்பான நினைவக வேகம் 2000 மெகாஹெர்ட்சு. 1750க்கு இறக்கியதும் பொட்டுகள் அரிதாயின. இது பெருந்துப்பு. சில்லு உடைந்திருந்தால் வேகத்தைக் குறைத்தாலும் பெரும்பாலும் திருந்தாது. வேகத்தைக் குறைத்தால் திருந்துகின்றதெனின், அதன் ஆற்றலுக்கு மீறி யாரோ ஓட்டுகின்றார்கள் என்று பொருள். யார் ஓட்டுவது? பயாஸ்.

எத்தீரியம் ஈட்டும் கணக்கு, செயலியைக் காட்டிலும் நினைவகத்தின் விரைவையே பெரிதும் நம்பியது. ஆதலின் அத்தொழில் செய்தோர், நினைவகச் சில்லு ஒவ்வொரு கட்டளைக்கும் எடுத்துக்கொள்ளும் இடைவெளிகளைச் சுருக்கி, மாற்றிய பயாசை அட்டையில் பதித்தனர். அவர்கள் கணக்கில் எப்போதேனும் ஒரு பிழை நேர்ந்தால் பெரும் இழப்பில்லை; பிழையான விடை தள்ளப்படும், அவ்வளவே. ஆனால் படம் வரையும்போது ஒவ்வொரு பிழையும் ஒரு பொட்டாகக் கண்முன் நிற்கும். நற்பேறாக, அவ்வட்டையின் மேல்விளிம்பில் நெல்மணி அளவான நழுவுவிசை ஒன்று இருந்தது. இரண்டு பயாஸ் கொண்ட அட்டைகள் சிலவற்றில் மட்டும் இது காணப்படும். கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, விசையை மறுபக்கம் தள்ளினோம். இரண்டாவது பயாஸ் எவரும் தொடாததாக இருந்தது. முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் சோதனை நிரல் ஓடியும் ஒரு பொட்டும் இல்லை.

விசை இல்லாத அட்டையாயின் அசல் பயாசைத் தேடிப் பதித்தல் வேண்டும். நினைவகச் சில்லின் உற்பத்தியாளர் வேறானால் பயாசும் வேறாகும். தவறானதைப் பதித்தால் அட்டை முற்றும் ஊமையாகும். முன் பழக்கமில்லாதார் அம்முயற்சியில் இறங்காது, தவணைக்குள் திருப்பித் தருதலே நன்று.

அடுப்பில் வைப்பது பற்றி

கெட்ட அட்டையை அப்பம் சுடும் அடுப்பில் 200 பாகை செல்சியசில் சில நிமிடம் வைத்தால் உயிர்க்கும் என்னும் செய்தி இன்னும் உலவுகின்றது. முழுப் பொய்யன்று, அதனால்தான் கெடுதல் செய்கின்றது. சில்லின் அடியிலுள்ள நுண்ணிய பற்றுமுனைகள் சூட்டாலும் குளிர்ச்சியாலும் வெடிப்புற்ற அட்டைகள் ஒரு காலத்தில் மிகுதியாயிருந்தன. 2008 சூலையில் என்விடியா நிறுவனமே, மடிக்கணினிகளில் இருந்த தன் சில்லுகள் சிலவற்றின் இத்தகைய குறைபாட்டிற்காக 150 முதல் 200 மில்லியன் அமெரிக்க டாலர் ஒதுக்கியது. சூடேற்றினால் வெடிப்பு விரிந்து ஒட்டும், அட்டை சில நாளோ சில வாரமோ ஓடும், மீண்டும் சாகும். ஈயமில்லாப் பற்றாசு உருக ஏறக்குறைய 217 பாகை வேண்டும். 200இல் அஃது உருகுவதேயில்லை. எஞ்சுவது, உணவு சமைக்கும் அடுப்பில் நெகிழியின் நச்சுப்புகை. சில நாள் ஓடும் அவ்விடைவேளையில் அட்டையைப் பிறர் தலையில் கட்டிவிடுவாரும் உண்டு. இதனை மருத்துவம் என்பதா, வஞ்சகம் என்பதா?

வஞ்சகம் என்றதால் போலிகளையும் குறிப்பிடுகின்றேன். 2010இல் வந்த ஜிடிஎஸ் 450 வகை அட்டையின் பயாசை மாற்றி, 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்றனர். முன்னதில் 192 கணக்கீட்டு அலகுகள்; பின்னதில் 768. ஆர்எக்ஸ் 580 என்னும் பெயரிலேயே 2,048 அலகுகள் மட்டும் கொண்ட மெலிந்த வகையும் உண்டு. அது போலியன்று, ஆயினும் விற்போர் அவ்வேறுபாட்டைச் சொல்வதில்லை. ஜிபியு இசட் என்னும் இலவச நிரல் இவ்வெண்களைக் காட்டும். பணம் கொடுக்குமுன் விற்பவர் கணினியிலேயே அதனை ஓட்டிக் காட்டச் சொல்லுதல் வாங்குவோர் உரிமை.

மாணவன் அட்டையைத் திருப்பவில்லை. விற்றவர் மாற்றிய பயாசைப் பற்றி அறிந்திருந்தாரா என்பது தெரியாது. அவரைக் கள்வர் என்று சொல்ல நம்மிடம் சான்று இல்லை. எட்டு முள் முனையுள்ள மின்வழங்கி ஒன்றை அவன் புதிதாகவே வாங்கினான். அதனை மட்டும் பழையதாக வாங்கவேண்டா என்று சொல்லியிருந்தேன். பழுப்பேறிய மாற்றுக்கம்பியை எவரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி இரண்டாக வெட்டிக் குப்பையில் இட்டோம். விசிறி இரண்டனுள் ஒன்று இன்னும் கரகரவென்று ஒலிக்கின்றது. சுழலச்சு தேய்ந்தது, எண்ணெயிட்டால் சில வாரம் அடங்கும். அதே அளவு விசிறி கிடைத்ததும் வெப்பப் பசையையும் சேர்த்து மாற்றுவதாகச் சொல்லியிருக்கின்றான்.