பெரணி மேய்ந்த மாடுகள்

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலப் பண்ணைகளில், ஆறு வயதைக் கடந்த பசுக்கள் சில தீனியை விழுங்க முடியாமல் வாயொழுக நிற்கும். வயிறு உப்பும், உடல் வற்றும், பிறகு சாகும். அறுத்துப் பார்த்தால் தொண்டையிலோ உணவுக்குழாயிலோ முதல் இரைப்பையிலோ புற்றுநோய் இருக்கும். மாடுகளுக்கு இந்த இடங்களில் புற்று வருவது மிக அரிது. கீழே சமவெளியில் அதே இன மாடுகள் நன்றாகத்தான் இருந்தன.

இந்தப் புதிரைக் கையில் எடுத்தவர் வில்லியம் ஜாரெட் (1928–2011). கிளாஸ்கோ பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பள்ளியில் நோய்க்குறியியல் பேராசிரியர். கன்றுகளின் நுரையீரல் புழுவுக்கு எக்ஸ் கதிரால் நலிவூட்டிய புழுக்குஞ்சுகளைக் கொண்டே தடுப்பு மருந்து செய்த குழுவில் 1950-களிலேயே இருந்தவர். ஒரே வீட்டுப் பூனைகள் பலவற்றுக்கு நிணநீர்ப் புற்று வருவதாக ஒரு கால்நடை மருத்துவர் சொன்னதைப் பின்தொடர்ந்து, 1964-ல் பூனை லுக்கீமியா வைரஸைக் கண்டறிந்தவரும் இவரே. ‘ஒரே இடத்தில் நிறைய’ என்று யாராவது சொன்னால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிடாதது இவருடைய பெரிய பலம் என்று நினைக்கிறேன்.

புற்று வந்த மாடுகளின் உணவுப்பாதையில், கட்டிக்குப் பக்கத்திலேயே சிறு மருக்கள் இருந்தன. இறைச்சிக்கூடத்துக்கு வரும் சாதாரண மாடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குத்தான் அப்படிப்பட்ட மரு இருந்தது; புற்று வந்தவற்றிலோ கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருந்தது. மருவை உண்டாக்குவது மாட்டுப் பாப்பிலோமா வைரஸின் நான்காம் வகை. ஆனால் அந்த வைரஸ் சமவெளி மாடுகளையும் தொற்றுகிறது. அவற்றுக்கு வரும் மரு காலப்போக்கில் தானே உதிர்ந்துவிடும். மேட்டில் மட்டும் அது நீடித்துப் பரவுகிறது என்றால், அங்கே இன்னொரு கை வேலை செய்கிறது.

அந்தக் கை ஒரு பெரணிச் செடி. பிராக்கன் என்று பெயர். மேட்டு மேய்ச்சல் நிலங்களில் புதர் புதராக மண்டிக் கிடப்பது. அதைத் தின்ற எலிகளுக்குக் குடலில் புற்று வருவதை வேல்ஸின் பாங்கர் நகர ஆய்வாளர்கள் 1965-லேயே காட்டியிருந்தார்கள். வைரஸும் பெரணியும் கூட்டுச் சேர்ந்திருக்கலாம் என்ற கருத்தை ஜாரெட் குழு 1978-ல் ‘நேச்சர்’ இதழில் முன்வைத்தது.

கதையின் சுவையான பகுதி இதற்குப் பின்தான். வைரஸ்தான் குற்றவாளி என்றால் புற்றுக் கட்டிக்குள் அதன் டி.என்.ஏ. இருக்க வேண்டுமல்லவா? மரியா சவேரியா காம்போ, ஜாரெட் உள்ளிட்ட குழு தேடிப் பார்த்தது. மருவில் வைரஸ் ஏராளமாக இருந்தது. புற்றில் அதன் டி.என்.ஏ. கிடைக்கவில்லை. 1985-ல் வெளியான இந்த முடிவு பலரைக் குழப்பியது. புற்று தொடங்க வைரஸ் தேவை, தொடர்ந்து வளர அது தேவையில்லை என்பதே காம்போவின் விளக்கம். அடுப்பு பற்றியபின் தீக்குச்சியைத் தூக்கிப் போட்டுவிடுவதைப் போல.

பெரணியின் பங்கு என்ன? இங்கேதான் வைரஸ் ஆய்வு மரபணு நச்சியலுக்குள் நுழைகிறது. பெரணி பல வழிகளில் தாக்குகிறது. அது எலும்பு மஜ்ஜையை நலித்து நோய் எதிர்ப்பைக் குறைப்பதால் மரு உதிராமல் நிற்கிறது. அதிலுள்ள டாகிலோசைடு என்ற பொருள், காரத்தன்மையுள்ள சூழலில் சர்க்கரைப் பகுதியை இழந்து, டி.என்.ஏ.வின் அடினைன், குவானைனோடு போய் ஒட்டிக்கொள்ளும் வடிவம் எடுக்கிறது. பெரணி மேய்ந்த மாடுகளின் ரத்த வெள்ளணுக்களில் குரோமோசோம்கள் முறிந்திருப்பதைப் பிரேசில் ஆய்வாளர்கள் 1980-களில் பார்த்தார்கள். பெரணியில் குவெர்செட்டினும் உண்டு. அதையும் வைரஸின் மரபணுக்களையும் சேர்த்துக் கொடுத்தபோது மாட்டுச் செல்கள் புற்றுச் செல்களாக மாறுவதைக் காம்போ ஆய்வகத்தில் காட்டினார். (குவெர்செட்டின் வெங்காயத்திலும் இருக்கிறது. சாம்பாரை நிறுத்த வேண்டாம். மனிதருக்கு அதனால் புற்று வரும் என்பதற்குச் சான்று இல்லை.)

மாட்டின் சிறுநீர் காரத்தன்மை உடையது. ஆகவே பெரணியின் நஞ்சு சிறுநீர்ப்பையிலும் விழித்துக்கொள்கிறது. அங்கே துணைக்கு நிற்பது இரண்டாம் வகைப் பாப்பிலோமா வைரஸ். இந்த வைரஸ் ஓடிவிடுவதில்லை. கட்டிக்குள்ளேயே அதன் டி.என்.ஏ. கிடைக்கிறது. மாடு ரத்தமாகச் சிறுநீர் கழிக்கும் இந்நோய் துருக்கி முதல் இமயமலைச் சரிவுகள் வரை உண்டு. நம் நீலகிரியிலும் பதிவாகியிருக்கிறது.

காம்போவும் ஜாரெட்டும் 1990-களில் வைரஸின் புரதங்களைக் கொண்டு தடுப்பூசி செய்து, கன்றுகளை நான்காம் வகைத் தொற்றிலிருந்து காத்தார்கள். பெண்களுக்கான கருப்பைவாய்ப் புற்றுத் தடுப்பூசி 2006-ல்தான் வந்தது. அதுவும் பாப்பிலோமா வைரஸைத் தடுப்பதுதான். பாப்பிலோமாவுக்குத் தடுப்பூசி சாத்தியம் என்ற நம்பிக்கையை வளர்த்ததில் மாடுகளுக்கும் பங்குண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை.

ஆனால் தடுப்பூசி வைரஸைத்தான் தடுக்கும், பெரணியை அல்ல. டாகிலோசைடு பசுவின் பாலிலும் இறங்குவதை வெனிசுவேலா ஆய்வாளர்கள் 1996-ல் காட்டினார்கள். மேய்ச்சல் நிலத்திலிருந்து செடியை அகற்றுவதே வழி. அதுவும் லேசில் நடக்காது. மேலே வெட்டினால் மண்ணுக்கடியில் ஓடும் தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆண்டுக்கு இரண்டு முறை வீதம் பல ஆண்டுகள் விடாமல் வெட்ட வேண்டும்.