அவசரப்படாத கொழுஞ்சி

நெல் அறுத்த வயலில் ஒரு கோடைமழை பெய்தால் போதும், விதைக்காமலே கொழுஞ்சி தலைகாட்டும். பிளவக்கல் அணைத் தண்ணீர் பாயும் வத்திராயிருப்புப் பக்கம் வரப்போரத்தில் ஊதாப் பூவோடு நிற்கும் குத்துச்செடி அது. ஆடுமாடு அவ்வளவாக வாய்வைக்காது. வேர்முடிச்சில் தழைச்சத்து சேர்க்கும். மடக்கி உழுதால் நல்ல பசுந்தாள் உரம்.

ஆனால் புதிதாக விதை வாங்கித் தெளித்தவருக்கு ஏமாற்றம்தான். பாதி விதைகூட முளைக்காது. விதையில் உயிர் இல்லாமலில்லை. தண்ணீர் உள்ளே போகவில்லை. விதைத்தோலின் வெளியடுக்கில் கெட்டியான செல்கள் இடுக்கில்லாமல் நெருக்கி நிற்கின்றன. முளைகட்ட ஊறவைத்த பாசிப்பயற்றில் நாலைந்து மட்டும் கல்லாகவே கிடந்து பல்லைப் பதம்பார்க்குமே, அதற்கும் காரணம் இதுதான்.

விதை காயிலிருந்து விடுபட்ட இடத்துத் தழும்பு இன்னும் விசித்திரமானது. காற்று உலர்ந்தால் திறந்து உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடும். காற்றில் ஈரம் ஏறினால் மூடிக்கொள்ளும். பயறுக் குடும்பத்து விதைகளில் இந்த ஒருவழிக் கதவை நியூசிலாந்து ஆய்வாளர் ஹைட் 1954இல் விளக்கினார். ஆக, காயக் காய விதை இறுகுகிறது.

இறுக்கம் தளர்வது தழும்பை ஒட்டிய ஒரு சிறு புடைப்பில். வெயிலில் வெந்து, இரவில் ஆறி, மறுநாள் மீண்டும் வெந்து அந்த இடம் விரிசல் விடும். அடுத்த மழையில் நீர் நுழையும். இந்த வேலையைத்தான் 55 டிகிரி வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்குவதும், மணலோடு சேர்த்துத் தேய்ப்பதும் சுருக்கமாக முடிக்கின்றன. சோதித்துப் பார்க்க நகவெட்டி போதும். தழும்புக்கு எதிர்ப்பக்கம் தோலை லேசாகச் சீவி ஊறப்போட்டால் காலையில் விதை உப்பியிருக்கும். சீவாதது போட்டபடியே கிடக்கும்.

எல்லா விதையும் ஒரே மழையை நம்பி முளைத்து, பின்னால் வெயில் கொளுத்தினால் வம்சமே போச்சு. அதனால் சில இந்த ஆண்டு, சில அடுத்த ஆண்டு, சில அதற்கும் பிறகு. எவ்வளவு காலம் காத்திருக்கும்? 1793இல் சீனாவில் ஸ்டான்டன் என்பவர் சேகரித்த, நம்மூர் வாகைக்கு உறவான ஒரு மரத்தின் விதைகள் லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்தன. 1940இல் குண்டுவீச்சுத் தீயை அணைக்க அடித்த தண்ணீரில் அவை நனைந்து முளைத்தன, 147 ஆண்டு கழித்து!

வயலில் அத்தனை காலம் யாரும் காத்திருக்கப் போவதில்லை. முதல் விதைப்புக்கு மட்டும் வெந்நீர் பார்த்தால் போதும். பூக்கும்போது மடக்கி உழுகையில் ஓரத்தில் கொஞ்சம் செடியைக் காய்த்து வெடிக்க விட்டால், அடுத்தடுத்த கோடைக்கான விதையை அதுவே மண்ணில் போட்டுவைக்கும்.