‘ஹை’ என்றால் ‘சரி’ அல்ல: ஜப்பானியரோடு வணிகம் பேசக் கேட்கப் பழகுவோம்

வணிகத்தில் பேசத் தெரிந்தவரே வெல்வார் என்பது நம்மிடையே உள்ள பொதுவான நம்பிக்கை. ஜப்பானிய நிறுவனங்களோடு தொழில் செய்பவர்களுக்கு இது பாதி உண்மைதான். அங்கே கேட்கத் தெரிந்தவருக்கே முதல் மரியாதை.

1982ஆம் ஆண்டு பிரதமராக இருந்த மகாதீர் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்த பிறகு, மலேசிய இளைஞர்கள் படிப்புக்கும் பயிற்சிக்கும் ஜப்பானுக்குச் செல்லத் தொடங்கினர். ஜப்பானியத் தொழிற்சாலைகளும் இங்கே பெருகின. நம்மவர்களில் பொறியியலாளர்களாகவும் கொள்முதல் அதிகாரிகளாகவும் உதிரிப்பாகம் விநியோகிப்பவர்களாகவும் ஜப்பானியரோடு தினமும் பேசுகிறவர்கள் உண்டு. மொழியை முறையாகப் படித்தவர்கள்கூட அவர்களின் பேச்சைக் கேட்கும் முறையில் தடுமாறுவது உண்டு.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவர் தம் பொருளைப் பற்றி அரை மணி நேரம் விளக்குகிறார். எதிரே இருக்கும் ஜப்பானிய மேலாளர் தலையை அசைத்து அசைத்து, ‘ஹை, ஹை’ என்கிறார். வணிகம் முடிந்தது என்று இவர் மூலப்பொருளுக்குப் பணம் கட்டிவிடுகிறார். ஒரு மாதம் ஆகியும் கொள்முதல் உத்தரவு வரவில்லை. ஜப்பானியர் ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வருகிறது. உண்மையில் அவர் எதற்கும் சம்மதிக்கவே இல்லை.

உம் கொட்டும் கலை

அந்தத் தலையசைப்புக்கு ஜப்பானிய மொழியில் ‘ஐஸுச்சி’ என்று பெயர். இது கொல்லன் பட்டறையில் பிறந்த சொல். பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் குருவும் சீடரும் எதிரெதிரே நின்று மாறி மாறிச் சம்மட்டியால் அடிப்பார்கள். குரு ஓங்கும் இடைவெளியில் சீடரின் அடி விழ வேண்டும். பேச்சிலும் அப்படித்தான். ஒருவர் பேசும் இடைவெளியில் மற்றவரின் ‘ஹை’, ‘ஏ’, ‘ஸோ தெஸ் கா’ போன்ற சிறு சொற்கள் விழ வேண்டும். அப்போதுதான் பேச்சு உருப்பெறும்.

நமக்கு இது புதிதல்ல. பாட்டி கதை சொல்லும்போது ‘உம்’ கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். ஜப்பானியர் அலுவலகத்திலும் தொலைபேசியிலும் இதே ‘உம்’மை எதிர்பார்க்கிறார்கள். அமெரிக்கர்களின் உரையாடல்களையும் ஜப்பானியர்களின் உரையாடல்களையும் ஒப்பிட்ட மொழியியலாளர் செங்கோ மேனார்ட், ஜப்பானியர் ஏறக்குறைய இரண்டு மடங்கு அடிக்கடி இப்படி உம் கொட்டுவதாகக் கண்டார்.

கூர்ந்து கேட்டல் என்ற கருத்தை 1957ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் ஒரு கையேட்டில் விளக்கினார்கள். ஆங்கில வழிப் பயிற்சிகளில் இதைப் படித்தவர்கள் பெரும்பாலும் குறுக்கிடாமல் அமைதியாகக் கேட்கப் பழகியவர்கள். ஜப்பானியரிடம் அந்த அமைதி சில வேளைகளில் எதிர்மாறாக வேலை செய்யும். தொலைபேசியில் சில விநாடிகள் சத்தமே இல்லாவிட்டால், மறுமுனையில் இருப்பவர் ‘மோஷி மோஷி?’ என்று கேட்டுவிடுவார். தொடர்பு அறுந்துவிட்டதோ என்ற சந்தேகம் அவருக்கு.

அப்படியானால் எங்கே உம் கொட்டுவது? பேசுபவர் வாக்கியத்தின் நடுவில் ‘நே’ என்று இழுத்துச் சற்று நிறுத்துவார். நம் ‘இல்லையா?’ போன்றது அது. ‘கெதோ’ என்று நிறுத்தினாலும் அதுவே இடம். அங்கே ஒரு சிறு தலையசைப்பும் ‘ஹை’யும் போதும்.

ஆளுக்கேற்ற சொல்

எல்லாச் சொல்லையும் எல்லாரிடமும் சொல்ல முடியாது. ‘உன்’ என்பது நண்பர்களிடம் மட்டும் பழகும் சொல். ‘நருஹோதோ’ என்றால் ‘ஓ, அப்படியா, புரிகிறது’ என்று பொருள். ஆனால் மேலதிகாரியிடமோ வாடிக்கையாளரிடமோ இதைச் சொன்னால், அவர் பேச்சுக்கு நாம் மதிப்பெண் போடுவதுபோல் இருக்கிறது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ‘ஹை ஹை’ என்று அவசரமாக இரட்டித்துச் சொல்வது, ‘தெரியும், தெரியும், சீக்கிரம் முடியுங்கள்’ என்பதுபோல் ஒலிக்கும்.

‘புரிந்துகொண்டேன், செய்கிறேன்’ என்பதற்கும் படிநிலை இருக்கிறது. சக ஊழியரிடம் ‘ர்யோகாய்’ போதும். வாடிக்கையாளரிடம் ‘ஷோச்சி ஷிமஷ்தா’ அல்லது ‘கஷிகோமரிமஷ்தா’ என்பதே பணிவு.

‘கொஞ்சம்...’ என்றால் முடியாது

அடுத்தது, சொல்லாததைக் கேட்பது. ஜப்பானிய வணிகர் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்வது அரிது. ‘ச்சொத்தோ...’ என்று இழுத்து நிறுத்திவிடுவார். அதன் நேர்ப்பொருள் ‘கொஞ்சம்’. கடன் கேட்டவரிடம் நாம் ‘இந்த மாசம் கொஞ்சம்...’ என்று இழுப்பதில்லையா? அதே பொருள்தான். ‘முஸுகஷீ தெஸ் நே’ என்றால் ‘கடினம்தான்’. கடினம் என்றால் முயன்று பார்க்கலாம் என்று நினைத்து விலையைக் குறைத்துக்கொண்டே போகக்கூடாது. பெரும்பாலும் அது மறுப்பு.

‘கென்தோ ஷிமாஸ்’ என்றால் ‘பரிசீலிக்கிறோம்’. இதில் இரண்டு பொருளும் உண்டு. ஜப்பானிய நிறுவனங்களில் ஒருவரே முடிவெடுப்பது குறைவு. கூட்டத்துக்கு முன்பே சம்பந்தப்பட்டவர்களைத் தனித்தனியே பார்த்து ஒப்புதல் திரட்டுவார்கள். அதற்கு ‘நெமவாஷி’ என்று பெயர். மரத்தைப் பிடுங்கி நடுவதற்கு முன் வேரைச் சுற்றிப் பக்குவப்படுத்தும் தோட்ட வேலையிலிருந்து வந்த சொல் இது. ஆகவே ‘பரிசீலிக்கிறோம்’ என்பது உண்மையாகவே பரிசீலனையாக இருக்கலாம். நாகரிகமான மறுப்பாகவும் இருக்கலாம். அளவு என்ன, எப்போது அனுப்ப முடியும் என்று அவர் கேள்வி கேட்டால் ஆர்வம் இருக்கிறது. ஒரு கேள்வியும் கேட்காமல் நன்றி சொல்லி எழுந்தால், நம்பிக்கையைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

இந்தக் குழப்பம் நாடுகளுக்கிடையேயும் நடந்ததாகச் சொல்வார்கள். 1969ஆம் ஆண்டு ஜப்பானியப் பிரதமர் எய்சாகு சாத்தோ, துணி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவது பற்றி அமெரிக்க அதிபர் நிக்சனுடன் பேசினார். அப்போது அவர் ‘ஸென்ஷோ ஷிமாஸ்’, அதாவது ‘தக்கபடி கவனிக்கிறோம்’ என்று சொன்னதாகவும், அது உறுதிமொழியாக மொழிபெயர்க்கப்பட்டதாகவும் பரவலான ஒரு கதை உண்டு. அவர் சொன்ன சொற்கள் எவை என்பது இன்றும் விவாதத்துக்குரியது. ஆனால் அமெரிக்கத் தரப்பு வாக்குறுதி கிடைத்ததாகவே எடுத்துக்கொண்டது. பிணக்கு 1971 வரை இழுத்தது.

தமிழருக்கு உள்ள வசதி

தமிழைப் போலவே ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ‘தெகிமாஸ்’ என்றால் முடியும். ‘தெகிமஸென்’ என்றால் முடியாது. வாக்கியம் முடியும்வரை பதில் தெரியாது. ஆங்கிலத்தில் பழகியவர்கள் பாதியிலேயே ஊகித்துவிடுவார்கள். நாம் தாய்மொழியிலேயே கடைசிவரை காத்திருந்து பழகியவர்கள்.

‘நீங்கள் வரவில்லையா?’ என்று கேட்டால் நாம் ‘ஆமாம், வரவில்லை’ என்போம். ஜப்பானியரும் ‘ஹை’ என்று தொடங்கி ‘வரவில்லை’ என்றே முடிப்பார். இதை ஆங்கிலத்தின் ‘யெஸ்’ஸாக எடுத்துக்கொண்டால் பொருள் தலைகீழாகிவிடும். ஜப்பானிய மொழியைக் கேட்கும்போது மனத்துக்குள் ஆங்கிலத்துக்குப் போகாமல் தமிழுக்கு வந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

திருப்பிச் சொல்லி உறுதி செய்க

ஜப்பானிய அலுவலகங்களில் புதிய ஊழியருக்குத் தொடக்கத்திலேயே கற்றுத்தரும் பழக்கம் ‘ஃபுகுஷோ’. கேட்ட பெயர், எண், தேதி ஆகியவற்றை அப்படியே திருப்பிச் சொல்லி உறுதி செய்வது. ஏன் இது முக்கியம்? மாதத்தின் 4ஆம் தேதி ‘யொக்கா’. 8ஆம் தேதி, நெடிலாக ‘யோ’ என்று நீட்டும் ‘யோகா’. குறில் நெடில் தெரிந்த நமக்கே தொலைபேசியில் மயக்கம் வரும். 1 என்பது ‘இச்சி’, 7 என்பது ‘ஷிச்சி’. அதனால்தான் 7ஐ ‘நன’ என்று மாற்றிச் சொல்வார்கள். சரக்கு நான்கு நாள் தாமதமானால் ஒரு தொழிற்சாலையின் வேலையே நிற்கலாம். திருப்பிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கவனமானவர் என்றே மதிப்பார்கள்.

மௌனத்துக்கும் இடம் கொடுங்கள். விலையைச் சொன்னதும் எதிரே பத்து விநாடி அமைதி நிலவினால், உடனே தள்ளுபடி பேசத் தொடங்க வேண்டாம். அவர் யோசிக்கிறார், அவ்வளவுதான்.

சந்திப்புக்குச் செல்பவர்கள் இவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்:

* குறிப்பேட்டைத் திறந்து வைத்து எழுதுங்கள். எழுதுவதும் கேட்பதற்கு ஓர் அடையாளம்.
* ‘ஹை’ என்பதை ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றே கணக்கில் எடுங்கள்.
* ‘பரிசீலிக்கிறோம்’ என்றால், எப்போது பதிலை எதிர்பார்க்கலாம் என்று பணிவாகக் கேளுங்கள்.
* பேசியதை அன்றே சுருக்கமாக எழுதி மின்னஞ்சலில் அனுப்பி, சரிதானா என்று உறுதிப்படுத்துங்கள்.
* எழுத்தில் உத்தரவு வரும்வரை பணம் போடாதீர்கள்.

ஜப்பானிய மொழியில் ‘கேள்’ என்பதை இரண்டு எழுத்துகளால் எழுதலாம். ஒன்று, காதில் விழும் சாதாரணக் கேட்டல். மற்றொன்று, ஊன்றிக் கேட்டல். இந்த இரண்டாம் எழுத்துக்குள் காது, கண், இதயம் ஆகியவற்றைக் குறிக்கும் வடிவங்கள் இருப்பதைப் பயிற்சி வகுப்புகளில் சுட்டிக்காட்டுவது உண்டு. முகத்தையும் பார்த்து, மனத்தையும் கொடுத்துக் கேட்கிறவரைத்தான் ஜப்பானிய வணிகர் இரண்டாவது சந்திப்புக்கு அழைப்பார். உண்மையான வணிகப் பேச்சு பெரும்பாலும் அந்த இரண்டாவது சந்திப்பில்தான் தொடங்குகிறது.