குறைவாகக் கேட்கும் செயலி

தமிழ்நாட்டில் 2020-இல் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பு, மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதைக் காட்டியது. அதைவிடக் கவலை தந்தது அடுத்த எண். அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்குத்தான். பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கும் மாநிலம் இது. பலருக்கு நோய் இருப்பதே தெரிவதில்லை. தெரிந்தவர்களிலும் பலர் சில வாரம் மாத்திரை போட்டுவிட்டு, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். வலிக்காத நோய் என்பதால் நினைவிலும் நிற்பதில்லை. உடல்நலத்துக்கென்று ஒரு கைபேசிச் செயலி வேண்டும் என்றால், இந்த விட்டுப்போதலைத் தடுப்பதற்காகவே வேண்டும். அந்த வேலைக்கு உகந்த செயலி, தன்னைப் பயன்படுத்துகிறவரிடம் மிகக் குறைவாகக் கேட்கும் செயலிதான் என்பது என் கருத்து.

புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசலை எடுத்துக்கொள்வோம். சித்தன்னவாசல் குகை ஓவியங்களைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்த பகுதி. அங்கே வாழ்கிறவர்களுக்கு அது ஒரு பேரூராட்சியும் அதைச் சுற்றிய மானாவாரிக் கிராமங்களும். இங்கே செயலியின் பயனாளி யார்? விளம்பரத்தில் வருவது போல, கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு ஓடும் இளைஞர் அல்ல. சுகரும் பிரஷரும் சேர்ந்தே இருக்கும், அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கும். அது மகனுடையதாகவோ மருமகளுடையதாகவோ இருக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் ஒரு கைபேசி வைத்திருக்கும் பெண்கள் தமிழ்நாட்டில் நான்கில் ஏறக்குறைய மூன்று பேர்; இந்திய அளவில் பாதியைச் சற்றே தாண்டும். பட்டன் போனும் இந்தக் கணக்கில் அடக்கம். ‘ஓர் ஆளுக்கு ஒரு போன், ஒரு கணக்கு’ என்று வரைபவர் முதல் திரையிலேயே பாதி வீட்டை வெளியே நிறுத்திவிடுகிறார். தடுப்பூசிக்கான கோவின் தளம் இதை உணர்ந்துதான் ஒரே எண்ணில் நான்கு பேர் பதியலாம் என்று வைத்தது. 2022 ஜனவரியில் அதை ஆறாக உயர்த்தியது. எனவே அன்னவாசலுக்கான செயலி குடும்பத்தின் பெயர்ப் பட்டியலோடு திறக்க வேண்டும். அம்மாவின் பெயரைத் தொட்டால் அம்மாவின் கணக்கு, அவ்வளவுதான்.

குறைவாகக் கேட்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல சான்று இருக்கிறது. 2017-இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் செவிலியர்களுக்காக உருவானது ‘சிம்பிள்’ என்ற செயலி. அதன் பெயர் வெறும் அலங்காரம் அல்ல. நெரிசலான புறநோயாளிப் பிரிவில், ஒருவருக்குப் பிரஷர் பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவதற்குள் பதிவு முடிய வேண்டும் என்பதே அதை வரைந்தவர்கள் தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. புதிதாக வருகிறவரைப் பதிய ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். மறுமுறை வருபவருக்குக் கால் நிமிடம் போதும். நோயாளியின் கையில் கியூஆர் குறியீடு அச்சிட்ட அட்டை இருக்கும். அதைக் கேமராவில் காட்டினால் அவருடைய பக்கம் திறந்துவிடும், பெயரைத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. பிறந்த தேதி தெரியாதவர்கள் வயதைச் சொன்னால் போதும். சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்: பதிவு முதலில் போனிலேயே தங்கி, இணைப்பு கிடைத்ததும் தானாகச் சர்வருக்குப் போகும். சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதால், அன்னவாசல் ஒன்றியத்தின் ஓரக் கிராமங்களுக்கு இதுவே முதல் தேவை. இவ்வளவுக்கும் மேலாக, அந்தச் செயலி ஒரு பட்டியல் தருகிறது: இந்த மாதம் வரவேண்டியவர்களில் வராதவர்கள் யார் யார், அவர்களின் தொலைபேசி எண் என்ன. செவிலியர் அங்கிருந்தே அழைக்கலாம்.

அது செவிலியர் கையில் இருக்கும் செயலி. நோயாளி தானே பயன்படுத்துவதற்கு இன்னும் குறைக்க வேண்டும் என்பேன். திறந்ததும் ஒரே கேள்வி: இன்றைக்கு மாத்திரை போட்டாச்சா? அதற்குக் கீழே கடைசியாகப் பார்த்த மூன்று அளவுகள், அடுத்து மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாள். 140/90 என்ற எல்லைக்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்பதை நிறத்தோடு சொல்லாலும் காட்ட வேண்டும். ஆண்களில் சிலர் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படுகிறார்கள். வருடக்கணக்கில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கலாம். அந்த வயதில் கண்புரையும் சேர்ந்துகொள்ளும். வெளிர்சாம்பல் எழுத்து பார்க்க நாகரிகமாக இருந்தாலும் அவர்களால் படிக்க முடியாது. தொடுதிரை நம் தோலின் மின்கடத்தும் தன்மையை வைத்தே தொடுகையை உணர்கிறது. காய்ப்பேறி வறண்ட விரலை அது சில நேரம் உணர்வதே இல்லை. ஆகவே பொத்தான் ஒவ்வொன்றும் விரல் நுனி அளவுக்காவது, ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பக்கத்துப் பொத்தானோடு ஒட்டவும் கூடாது. நினைவூட்டும் மணியும் பயன்படுத்துகிறவரின் வாழ்க்கைக்குப் பொருந்த வேண்டும். காலை எட்டு மணி என்று நிரந்தரமாக வைத்தால் நடவுக் காலத்தில் அது ஆளில்லாத வீட்டில் ஒலிக்கும். சாப்பாட்டோடு பொருத்தி வைத்து, ரமலான் மாதத்தில் மருத்துவர் சொன்னபடி நேரத்தை மாற்றிக்கொள்ள இடம் தர வேண்டும்.

கிராமத்து மூத்த பெண்களுக்கு இதெல்லாம் வராது என்ற வாதத்தை எதிர்பார்க்கிறேன். அந்த வாதத்துக்கு இந்த மாவட்டமே பதில் சொல்லியிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராமச் செவிலியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. தேவை இருந்தது, கூட்டமாகக் கற்றார்கள், கற்ற அன்றே அது வேலைக்கு உதவியது. ஒரு செயலி பலரின் கையில் நிற்காமல் போனால், கற்றவுடனே அது என்ன உதவி செய்தது என்று முதலில் கேட்க வேண்டும். அவர்களின் அறிவைச் சந்தேகிப்பது நேர்மையல்ல.

இன்னொரு வாதம் கனமானது. குறைவாகக் கேட்டால் மருத்துவருக்குக் குறைவாகத்தானே தெரியும். உணவு, தூக்கம், நடை எல்லாம் பதிந்தால் சிகிச்சை துல்லியமாகுமே என்பது. கொள்கையளவில் உண்மைதான். ஆனால் முப்பது கட்டங்கள் உள்ள படிவத்தில் நான்காவது நாள் நிரப்பப்படுவது பெரும்பாலும் தோராயம்தான். அந்தத் தோராயத்தை நம்பி மாத்திரை அளவை மாற்றுவதைவிட, சரியாகப் பதிந்த இரண்டு எண்கள் மேலானவை. துல்லியம் வேண்டிய தகவலை, கருவியும் பயிற்சியும் உள்ள இடத்தில் செவிலியர் பதியட்டும். குறைவாகக் கேட்பதில் வேறொரு பாதுகாப்பும் இருக்கிறது. பலர் புழங்கும் போனில், ஒரு பெண்ணின் மாதவிடாய் நாளோ மனநல மருந்தின் பெயரோ எல்லார் கண்ணிலும் படலாம். இந்தியாவின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தகவலை மட்டும் வாங்கு என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. எனினும் சட்டம் நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்தும். வீட்டுக்குள்ளே எட்டிப்பார்க்கும் கண்ணைத் தடுக்க, ஒவ்வொரு பெயருக்கும் தனியே நான்கு இலக்கப் பூட்டு போட வழியிருக்க வேண்டும். மணி அடிக்கும்போது மருந்தின் பெயர் திரையில் தெரியக் கூடாது.

அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இருக்கும்போது செயலி எதற்கு என்றும் கேட்கலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், சுகாதாரத் தன்னார்வலப் பெண்கள் பிரஷர் கருவியோடும் குளுக்கோமீட்டரோடும் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. அந்தப் பெண்களின் இடத்தில் செயலியை வைப்பது பெரிய தவறாகும்; நம்பிக்கையோடு பேச ஆள் வருவதாலேயே பலர் மாத்திரையைத் தொடர்கிறார்கள். ஆனால் ஒருமுறை வந்துபோனவர் அடுத்த முறை வருவதற்கு இடையே பல நாட்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் வீட்டில் நடப்பதை நினைவு வைத்திருக்க ஏதாவது வேண்டும். வெளியூர் வேலைக்குப் போய்விட்டு வந்தவர் எத்தனை நாள் மாத்திரையை விட்டார் என்று வாசலில் கேட்டால் நினைவிலிருந்துதான் பதில் வரும். நாள்தோறும் ஒரு தொடுதலில் பதிந்திருந்தால் தன்னார்வலர் அதைப் பார்த்த உடனே பேச்சைச் சரியான இடத்தில் தொடங்க முடியும்.

இப்படி ஒரு செயலியைச் செய்ய விரும்புகிறவர்கள் அதைச் சென்னை அலுவலகத்தில் மட்டும் சோதித்து முடிக்கக் கூடாது. அன்னவாசல் அரசு மருத்துவமனையில் சுகர், பிரஷர் பார்க்கக் காத்திருப்பவர்களில் சம்மதிக்கும் ஐந்து பேரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். ஐந்து பேரிலேயே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்பது பயன்பாட்டு எளிமை வல்லுநர் யாக்கோப் நீல்சன் நெடுநாளாகச் சொல்லிவருவது. எந்தத் திரை வந்ததும் அவர்கள் போனைப் பக்கத்தில் இருக்கும் பேத்தியிடம் நீட்டுகிறார்களோ, அந்தத் திரையைக் குறித்துக்கொண்டு போய்த் திருத்த வேண்டும். திருத்தியதை எடுத்துக்கொண்டு வேறு ஐந்து பேரிடம் மறுபடி வர வேண்டும். எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணை ஒதுக்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேருக்குப் பிரஷர் 140/90-க்குக் கீழே இருக்கிறது என்று அதே மருத்துவமனையின் பதிவேட்டில் பார்க்க வேண்டும்.