விமானத்துக்குள் ஒரு கரண்ட் கணக்கு!

சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் குடியிருக்கும் குட்டீஸ், தலைக்கு மேலே சின்ன விமானங்கள் வட்டமடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி, தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இருக்கிறது. 1954ம் ஆண்டிலிருந்து இங்கேதான் நடக்கிறது.

மேலே பறப்பவரும், கீழே கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவரும் பேசிக்கொள்ள ரேடியோ வேண்டும். பாட்டுக் கேட்கும் எப்.எம். அல்ல, பேசவும் கேட்கவும் உதவும் கருவி. அதை விமானத்தில் பொருத்துவது, வீட்டில் டிவிக்கு பிளக் செருகுவது போல எளிதல்ல. ஏன் தெரியுமா?

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். இதுபோன்ற விமானங்களில் பெரும்பாலும் 28 வோல்ட்தான். என்ஜினோடு சேர்ந்து சுழலும் ஜெனரேட்டர் அதைத் தருகிறது. துணைக்கு 24 வோல்ட் பேட்டரி உண்டு. வோல்ட் குறைந்தால், அதே வேலைக்கு ஆம்பியர் கூடும். 56 வாட் கேட்கும் ஒரு கருவிக்கு வீட்டில் கால் ஆம்பியர் போதும். விமானத்தில் 2 ஆம்பியர் வேண்டும்! நீங்களே வகுத்துப் பாருங்கள்.

எனவே ஒயர் தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய ஒயரை நீளமாக இழுத்தால், வழியிலேயே வோல்ட் குறைந்துவிடும். இன்னொரு வேடிக்கை: கேட்கும்போது ரேடியோ கொஞ்சம்தான் கரண்ட் இழுக்கும். பேசுவதற்குப் பட்டனை அழுத்தினால், பல மடங்கு இழுக்கும். கேட்பதற்கு மட்டும் கணக்குப் போட்டு ஒயர் மாட்டினால், பேசும்போது காலை வாரிவிடும். அதற்காக ரொம்பத் தடியாகவும் போட முடியாது, எடை ஏறிவிடுமே!

வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டதும் லைட் மங்குகிறது அல்லவா? விமான என்ஜினைக் கிளப்பும்போதும் அப்படித்தான், வோல்ட் எகிறி இறங்கும். அதனால் பல சிறிய விமானங்களில், என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகே ரேடியோவின் ஸ்விட்சைப் போடுவார்கள்.

சர்க்யூட் பிரேக்கரும் உண்டு. அது ரேடியோவைக் காப்பாற்ற என்று நினைக்கிறீர்களா? இல்லை, ஒயரைக் காப்பாற்ற! 5 ஆம்பியர் தாங்கும் ஒயருக்கு 20 ஆம்பியர் பிரேக்கர் வைத்தால், பிரேக்கர் விழுவதற்குள் ஒயர் எரிந்துவிடலாம்.

இந்த ஒயர்கள் தகட்டுக்கும் உட்கூரைக்கும் பின்னால் ஒளிந்திருப்பதால், பயணிகள் கண்ணில் படாது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மாணவர்களுக்கு விமானத்தின் உள்ளமைப்பை விளக்க, பழைய விமானங்கள் இரண்டை வைத்திருந்தார்கள். மற்றவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவற்றின் அருகிலேயே உட்கார்ந்திருந்த மாணவர் யார் தெரியுமா? அப்துல் கலாம்!

ஒளிந்திருக்கும் ஒயரில் கோளாறு வந்தால் என்ன ஆகும்? 1998 செப்டம்பர் 2ம் தேதி நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குக் கிளம்பிய ஸ்விஸ் ஏர் விமானம், கனடா அருகே கடலில் விழுந்தது. 229 பேரும் இறந்தார்கள். விமானி அறையின் கூரைக்கு மேலே தீப்பிடித்திருந்தது. பயணிகள் படம் பார்க்கப் பின்னால் சேர்த்த கருவியின் ஒயரில் எழுந்த தீப்பொறிதான் பெரும்பாலும் காரணம் என்றது, நாலு வருடத்துக்கும் மேல் நடந்த விசாரணை.

அதில் ஒரு தவறு உங்களுக்கும் புரியும். விமானத்தில் 'பஸ்' என்றால் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பதல்ல. பல கருவிகளுக்கு மின்சாரம் பிரிந்து போகும் இடம். புகை வந்தால் பயணிகள் பகுதிக் கருவிகளை அணைக்க, 'கேபின் பஸ்' என்று ஒரு ஸ்விட்ச் இருந்தது. படக் கருவியையோ வேறு பஸ்ஸில் மாட்டியிருந்தார்கள். அந்த ஸ்விட்சை அணைத்தாலும் அது அணையாது!

புதுக் கருவி எதைப் பொருத்தினாலும், மொத்தம் எத்தனை ஆம்பியர், எந்த பஸ் என்று காகிதத்தில் கணக்குப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். ரேடியோவை, ஜெனரேட்டர் நின்றாலும் பேட்டரியிலிருந்து கரண்ட் வரும் பஸ்ஸில் இணைப்பார்கள். அப்போது முக்கியக் கருவிகளைப் பேட்டரி குறைந்தது 30 நிமிடம் தாங்க வேண்டும் என்பது பல விமானங்களுக்கு விதி. தாம்பரமோ மீனம்பாக்கமோ, பக்கத்தில் உள்ள ஓடுபாதையைக் கேட்டு இறங்க அந்த அரைமணி நேரம்தான்.